விழுந்த கைக்கு ரோபோ பயிற்சி: நகரி பக்கத்திலிருந்து ஒரு முழு வழிகாட்டி

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திர ஊரான நகரியில், எங்கள் தெருவில் யாருக்காவது கை வேலை செய்யவில்லை என்றால் முதலில் வாயில் வருகிற பெயர் புத்தூர். எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டு, அதில் எங்கள் ஆட்களுக்கு இரண்டாவது பேச்சு கிடையாது. அதனால் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தபோதும் பெரியப்பா ஆட்டோவுக்கே சொல்லிவிட்டார். இன்னொரு பக்கம் அத்தை, புறா ரத்தம் தேய்த்தால் நரம்பு சூடேறும் என்று ஆள் தேடிக்கொண்டிருந்தார். திருத்தணியிலிருந்து எங்கள் தறிக்கு நூல் கொண்டு வருகிறவர் மூன்றாவதாக ஒன்று சொன்னார்: "வேலூர்ல ரோபோ வெச்சு கையை ஓட வைக்கிறாங்களாம்மா. ஒரு தடவை கேட்டுப் பாருங்க."

அன்றைக்கு இந்த மூன்றும் எங்களுக்கு ஒரே மாதிரிதான் தெரிந்தன. ரோபோவும் ஓர் அதிசய வைத்தியம் போலவே காதில் விழுந்தது. அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று புரிய எனக்கு எட்டு மாதம் பிடித்தது. உங்கள் வீட்டில் யாருக்காவது இதே நிலை என்றால் அந்த எட்டு மாதம் உங்களுக்கு வீணாகக் கூடாது என்பதற்காக, நாங்கள் செய்ததையும் செய்திருக்க வேண்டியதையும் வரிசையாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன்: கோளாறு கையில் இல்லை

பக்கவாதத்தில் எலும்பும் தசையும் அப்படியேதான் இருக்கின்றன. மூளையின் ஒரு பக்கத்தில் ரத்த ஓட்டம் தடைப்பட்டு, அல்லது ரத்தக் கசிவு ஏற்பட்டு, எதிர்ப்பக்கக் கைக்குக் கட்டளை அனுப்பும் இடம் சேதமாகிவிடுகிறது. அப்பாவுக்கு இடது மூளை, அதனால் வலது கை. கட்டு கட்டுவதாலோ தேய்ப்பதாலோ அந்த இடத்தைத் தொட முடியாது. சேதமான இடத்தைச் சுற்றியுள்ள பகுதிகள் பழைய வேலையை மறுபடி கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரே அசைவை நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில், நோயாளியே முயன்று செய்ய வேண்டும்.

இங்கேதான் மெஷின் வருகிறது. வழக்கமான தெரபி நேரத்தில் ஒரு நோயாளி கையால் உண்மையில் எத்தனை அசைவு செய்கிறார் என்று ஆய்வாளர்கள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்கள். 2009இல் வெளிவந்த அந்தக் கணக்கில், பயனுள்ள கை அசைவுகள் ஒரு அமர்வுக்குச் சராசரியாக 32. தெரபிஸ்டைக் குறை சொல்லிப் பயனில்லை. கனமான ஒரு கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அதற்கு மேல் செய்ய அவருக்கும் உடம்பு இடம் கொடுக்காது. ஆனால் 2010இல் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்த ரோபோ ஆய்வில் ஒரு அமர்வுக்கு 1,024 அசைவு. கைத்தறிக்கும் பவர்லூமுக்கும் உள்ள வித்தியாசம்தான் என்று அப்பா உடனே பிடித்துக்கொண்டார்.

அதே படைவீரர் ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. 127 பேர், 12 வாரம், 36 அமர்வு. ரோபோ இல்லாமல் தெரபிஸ்டே அதே தீவிரத்தில் பயிற்சி கொடுத்த குழுவும் ரோபோ குழுவுக்குச் சமமாகவே முன்னேறியது. ஆக, பலன் இரும்பில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. பிறகு 2019இல் பிரிட்டனில் 770 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு வெளியானது. வாரம் மூன்று நாள், நாளுக்கு 45 நிமிடம், 12 வாரம் ரோபோ பயிற்சி. முடிவில், வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட அவர்கள் கையால் அன்றாட வேலை செய்யும் திறன் கூடவில்லை. இதற்கு நேர்மாறாக, 45 ஆய்வுகளையும் 1,619 நோயாளிகளையும் சேர்த்து 2018இல் வந்த, காக்ரேன் என்கிற மருத்துவ ஆய்வு அமைப்பின் தொகுப்பு, கை பலமும் அன்றாட வேலைத் திறனும் கூடுகின்றன என்கிறது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அப்பாவைக் கவனிக்கக் கவனிக்கத்தான் விளங்கியது. மெஷினில் கை நன்றாக ஓடும். வீட்டுக்கு வந்து தட்டின் முன் உட்கார்ந்தால் அதே கை மடியிலேயே கிடக்கும். பவர்லூம் தானாக ஓடும் என்றாலும் அறுந்த இழைக்கு முடிபோட ஆள் நிற்க வேண்டும் அல்லவா? மெஷினில் வந்த அசைவைச் சோற்றுக்கும் சட்டைப் பொத்தானுக்கும் கொண்டுவந்து முடிபோடுகிற வேலை வீட்டில்தான் நடக்கிறது. கீழே வருகிற படிகளில் நான் அதிக நேரம் செலவழிக்கப்போவதும் அதில்தான்.

முதல் படி: கை இப்போது எங்கே நிற்கிறது?

ரோபோவுக்குப் போகலாமா என்று கேட்பதற்கு முன் இரண்டே அசைவுகளைப் பாருங்கள். கையைப் பக்கவாட்டில் கொஞ்சமாவது தூக்க வருகிறதா? மடங்கிய விரல்களைத் தானாகக் கொஞ்சமாவது விரிக்க வருகிறதா? ஸ்ட்ரோக் வந்த இரண்டாம் நாளே இந்த இரண்டும் ஓரளவு வந்தவர்களில் 98 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்தில் கையில் ஏதோ ஒரு திறமை திரும்பியதாக நெதர்லாந்து ஆய்வு ஒன்று காட்டியது. இரண்டும் வராதவர்களில் அது 25 சதவீதம். 25 என்பது பூஜ்யம் இல்லை என்பதை மறக்க வேண்டாம். ஆனால் எதிர்பார்ப்பை எங்கே வைப்பது என்பதற்கு இது நல்ல அளவுகோல்.

கையில் அசைவே இல்லை என்றால், ரோபோ கையைத் தானே எடுத்துச் செல்லும், நோயாளி மனசால் கூடவே போக வேண்டும். இந்த நிலையில் மெஷினுக்காகக் கடன் வாங்காதீர்கள். கண்ணாடிப் பயிற்சியைக் கேளுங்கள். நல்ல கைக்கும் விழுந்த கைக்கும் நடுவில் ஒரு கண்ணாடியை நிறுத்தி, நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்தபடி இரண்டு கையையும் அசைக்க முயல்வது. துண்டிக்கப்பட்ட கை வலிக்கிறது என்றவர்களுக்காக 1990களில் இந்த யோசனையைக் கொண்டுவந்தவர் வி.எஸ். ராமச்சந்திரன், நம் தமிழ்நாட்டுக்காரர். ஸ்ட்ரோக் நோயாளிகளுக்கு அது பிறகு வந்தது. கண்ணாடிக் கடையில் அறுத்துத் தரச் சொன்னால் போதும், பெரிய செலவில்லை.

தோளும் முழங்கையும் அசைகின்றன, விரல் மட்டும் இறுகி மடங்கியிருக்கிறது என்பது இரண்டாவது நிலை. அப்பா இதில் இருந்தார். இறுக்கம் அதிகமாக இருந்தால் முதலில் அதைத் தளர்த்த வேண்டும். போட்டாக்ஸ் என்று பேச்சு வழக்கில் சொல்கிற ஊசியை அந்தத் தசைக்குப் போடுவார்கள், அது மூன்று நான்கு மாதம் நிற்கும். ஊசி போட்டுவிட்டு அந்த மாதங்களில் பயிற்சி செய்யாமல் விட்டால் பணம் போனதுதான்.

விரல் கொஞ்சம் விரிகிறது, மணிக்கட்டு கொஞ்சம் மேலே எழுகிறது என்றால் ரோபோவால் அதிகம் பலன் பெறக்கூடியவர் அவர்தான். எல்லாம் வருகிறது, ஆனால் தடுமாறுகிறது என்கிற நிலையில் இருப்பவருக்கு மெஷின் பெரிதாகத் தேவையில்லை. அவருக்கு வீட்டு வேலைதான் மருந்து.

நாள் கணக்கும் முக்கியம். முதல் மூன்று மாதம் கை வேகமாக மாறும் காலம். ஆறு மாதம் வரை நல்ல காலம். அதற்குப் பிறகும் வரும், ஆனால் உழைப்பு கூடும், பலன் மெதுவாகும். நாங்கள் முதல் ஐந்து வாரத்தை, எந்த வைத்தியம் என்கிற சண்டையிலேயே தொலைத்தோம்.

இரண்டாம் படி: தோளைக் காப்பாற்றுங்கள்

இதைத் தனிப் படியாகவே எழுதுகிறேன். ஏனென்றால் நாங்கள் இங்கேதான் விழுந்தோம்.

பக்கத்து ஊரில் ஒரு கிளினிக்கில் அப்பாவை உட்கார வைத்து, தலைக்கு மேலே கப்பி மாட்டி, கயிற்றின் ஒரு முனையில் விழுந்த கையைக் கட்டி, நல்ல கையால் இழுக்கச் சொன்னார்கள். தினம் இருபது நிமிடம். பத்தாவது நாள் தோள் வலியில் அவரால் தூங்க முடியவில்லை. தசை பலமிழந்த தோளில் மூட்டு கீழே இறங்கிக் கிடக்கிறது. அதைக் கயிறு போட்டு மேலே இழுத்தால் உள்ளே இருக்கிற தசைநார் நசுங்கும். ஸ்ட்ரோக் நோயாளிக்குத் தலைக்கு மேலே கப்பி வேண்டாம் என்று சிகிச்சை வழிகாட்டுதல்களிலேயே எழுதியிருக்கிறது. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த வலி அடங்கும்வரை ரோபோவும் தள்ளிப்போனது.

எழுப்பி உட்கார வைக்கும்போது அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள், கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உட்காரும்போது முழங்கைக்குக் கீழே தலையணை வையுங்கள். பஸ்ஸில் போகும்போது மட்டும் கையைத் தாங்கக் கழுத்தில் மாட்டும் ஸ்லிங் போடலாம், நாள் முழுக்கத் தொங்கவிட்டால் கை மடங்கியே இறுகும். கையும் விரலும் வீங்கி, தோல் சிவந்து, தொட்டாலே கத்துகிறார் என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூன்றாம் படி: எந்த மெஷின், எதற்கு?

ரோபோ என்றதும் சினிமாவில் வருகிற மாதிரி ஒன்று வந்து கையைப் பிடிக்கும் என்று அம்மா பயந்தார். உண்மையில் பெரும்பாலானவை மேசையோடு ஒட்டிய ஒரு கைப்பிடியும் எதிரே ஒரு திரையும்தான். இந்தத் துறைக்கு வழி போட்டது அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1990களில் உருவான மேனஸ் என்கிற மெஷின். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேசைமேல் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்த்துவது. நோயாளி பாதியில் நின்றுபோனால் மோட்டார் மீதியைத் தள்ளிக்கொடுக்கும்.

இரண்டு குடும்பமாகப் பிரிக்கலாம். கையின் நுனியை மட்டும் பிடித்து நடத்துவது ஒன்று. தோளிலிருந்து மணிக்கட்டு வரை கவசம் போலப் பூட்டி ஒவ்வொரு மூட்டையும் தனித்தனியாக நடத்துவது இன்னொன்று. சுவிட்சர்லாந்தின் ஆர்மியோ இரண்டாவது வகை. அதில் ஸ்பிரிங் என்கிற மாடலுக்கு மோட்டாரே கிடையாது. கையின் எடையை மட்டும் தாங்கிக்கொள்ளும், அசைவு முழுக்க நோயாளியுடையது. விரல்களுக்கென்றே ஆஸ்திரியாவின் அமேடியோ மாதிரி தனி மெஷின்களும் உண்டு.

எங்களுக்கு அதிகம் பொருந்தியது நம் பக்கத்திலேயே பிறந்தது. சென்னை ஐ.ஐ.டி.யும் வேலூர் சி.எம்.சி.யும் சேர்ந்து உருவாக்கிய புளூட்டோ. மேசைமேல் வைக்கிற சின்னக் கருவி, ஒரே ஒரு மோட்டார். பிடியை மட்டும் மாற்றி மாற்றிப் பொருத்தினால் மணிக்கட்டை மேலும் கீழும் ஆட்டலாம், உள்ளங்கையைத் திருப்பலாம், விரலை விரித்து மூடலாம், குமிழைத் திருகலாம். ஹைதராபாத்தில் உருவான ஆர்ம்ஏபிள், மேசையில் கையை நகர்த்தி விளையாடுகிற வகை.

பெயரைவிட ஒரு கேள்வி முக்கியம்: இவருக்கு எது வரவில்லையோ அதை இந்த மெஷின் பயிற்றுமா? அப்பாவுக்குத் தோள் ஓரளவு வந்துவிட்டது. வராதது விரல் விரிவதும் உள்ளங்கை திரும்புவதும். தோளுக்கான பெரிய மெஷினில் அவரை உட்கார வைத்திருந்தால் திரையில் புள்ளி ஏறியிருக்கும், சாப்பாட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

நான்காம் படி: எங்கே போவது, கையில் என்ன காகிதம்?

எல்லையில் இருக்கிற நமக்கு ஒரு வசதியும் ஒரு தலைவலியும் உண்டு. திருப்பதி ஒரு பக்கம், வேலூர் ஒரு பக்கம், சென்னை ஒரு பக்கம். நகரியில் ரயில் ஏறி அரக்கோணத்தில் மாறினால் காட்பாடி, அங்கிருந்து வேலூர். திருப்பதியில் ஸ்விம்ஸ் மருத்துவமனை இருக்கிறது, தேவஸ்தானத்தின் பர்ட் மருத்துவமனை இருக்கிறது. எங்கே போனாலும் முதலில் போன் போட்டுக் கேளுங்கள்: கைக்கான ரோபோ இருக்கிறதா, இப்போது ஓடுகிறதா, வாரத்தில் எத்தனை நாள் கிடைக்கும், யார் கூட இருப்பார். விளம்பரப் பலகையில் ரோபோ படம் போட்டிருக்கும், போய்ப் பார்த்தால் அது நடைப்பயிற்சி மெஷினாக இருக்கும்.

வேலூருக்கு இன்னொரு பெருமை உண்டு. அங்கே மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ் 1954இல் விபத்தில் சிக்கி இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போனார். சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை சிகிச்சை செய்தார், மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்தார், 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் தொடங்கக் காரணமானார். அந்தக் கதையை நான் சொன்ன பிறகுதான் அப்பா வேலூருக்கு வரச் சம்மதித்தார்.

தலைவலி, அட்டை. ஆந்திராவின் என்.டி.ஆர். வைத்திய சேவை அட்டையும் தமிழ்நாட்டு முதல்வர் காப்பீட்டு அட்டையும் அந்தந்த மாநிலக் குடும்பங்களுக்கானவை. ஆதார் நகரியில், ரேஷன் கார்டு தமிழ்நாட்டுப் பள்ளிப்பட்டில் என்று கலந்து வைத்திருக்கிற குடும்பங்கள் எங்கள் பக்கம் ஏராளம். கவுண்டரில் போய் நிற்கும் முன் இதைச் சரிசெய்துகொள்ளுங்கள். 70 வயது நிரம்பியவர்களுக்கு 2024 முதல் வருமான வரம்பில்லாத ஆயுஷ்மான் அட்டை உண்டு, ஆனால் அது படுத்துச் சிகிச்சை பெறுவதற்கு. வந்து போகிற தெரபிக்குப் பெரும்பாலும் கைக்காசுதான். தனியார் பாலிசியில் 'ரோபோ' என்ற சொல்லைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள், அது ரோபோ அறுவை சிகிச்சை. எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருப்பவர்கள் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோ வருவதைக் கேட்டு வாங்கலாம். 2021இல் அது தொடங்கியதே இன்னோர் எல்லை மாவட்டமான கிருஷ்ணகிரியில்தான். மாற்றுத்திறனாளி அட்டைக்கு 40 சதவீதம் என்கிற வரம்பு இருக்கிறது. அதையும் விண்ணப்பித்து வையுங்கள், பஸ் ரயில் சலுகைக்காவது உதவும்.

தங்க வேண்டியிருந்தால் வேலூரில் மருத்துவமனையைச் சுற்றிச் சமையல் வசதியோடு நாள் வாடகை அறைகள் கிடைக்கும். மூன்று வாரம் தங்கித் தினமும் பயிற்சி எடுப்பது, மூன்று மாதம் வாரம் ஒரு நாள் அலைவதைவிட நல்லது. அலைச்சலில் களைத்த கை மெஷினில் ஒன்றும் கற்காது.

ஐந்தாம் படி: முதல் நாள், முதல் வாரம்

போனதும் அளவெடுப்பார்கள். ஃபூகல்-மேயர் என்று ஓர் அளவு, கைக்கு முழு மதிப்பெண் 66. ஆராட் என்று இன்னொன்று, 57க்கு. முதலாவது அசைவு வருகிறதா என்று பார்க்கும். இரண்டாவது கட்டையை எடுக்கிறாரா, டம்ளரிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றுகிறாரா என்று வேலையைப் பார்க்கும். இரண்டு எண்ணையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். முதல் எண் மட்டும் ஏறி இரண்டாவது அப்படியே நின்றால், அசைவு வேலையாக மாறவில்லை என்று அர்த்தம்.

ரத்த அழுத்தம் பார்க்காமல் மெஷினில் உட்கார வைக்கக் கூடாது. ஆறாத எலும்பு முறிவு, கையில் புண், வலிப்பு வரும் பழக்கம், முற்றாக உறைந்துபோன மூட்டு இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

இப்போது மெஷினின் ரகசியம் ஒன்று. அது உதவி செய்யும் என்று தெரிந்ததும் கை சோம்பேறியாகிவிடும். முதல் வாரம் அப்பா திரையில் ஆப்பிளாகப் பறித்துத் தள்ளினார், நான் போட்டோ எடுத்து வீட்டுக்கெல்லாம் அனுப்பினேன். நான்காம் நாள் தெரபிஸ்ட் ஒரு பொத்தானைத் திருப்பினார். ஒரு ஆப்பிள்கூட விழவில்லை. "ஐயா, இவ்வளவு நாளா மெஷின்தான் எக்சர்சைஸ் செஞ்சிருக்கு" என்றார். அப்பாவுக்குச் சிரிப்பு, எனக்கு அழுகை. அதனால் தினமும் கேளுங்கள்: இன்றைக்கு உதவி எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? வாரா வாரம் அது குறைய வேண்டும். பத்து முயற்சியில் ஏழெட்டு வெற்றி, இரண்டு மூன்று தோல்வி என்கிற அளவில் இருந்தால் சரியான கஷ்டம். எல்லாமே வெற்றி என்றால் விளையாட்டு சுலபமாகிவிட்டது.

மொழியும் ஒரு விஷயம். திரையில் ஆங்கிலம் ஓடும். தெரபிஸ்ட் தமிழா தெலுங்கா என்பது நம் அதிர்ஷ்டம். ஒரு வாரம் வந்த பெண் "பட்டுகோண்டி, வதிலேயண்டி" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பிடியுங்கள், விடுங்கள். அப்பாவுக்கு இரண்டு மொழியும் சரிதான். ஆனால் ஸ்ட்ரோக்கில் பேச்சும் பாதித்தவர்களுக்குச் சிறு வயதில் பேசிய மொழியிலேயே, ஒன்றிரண்டு சொல்லில் கட்டளை கொடுக்கச் சொல்லுங்கள்.

ஒரு அமர்வு 45 நிமிடம் என்றால் நடுவில் ஓய்வு வேண்டும். முகம் கோணுகிறது, பேச்சு குழறுகிறது, புதிதாக ஒரு பக்கம் தளர்கிறது என்றால் பயிற்சி அங்கேயே நின்றுவிட வேண்டும், 108க்கு அழைக்க வேண்டும். பிரஷர், சர்க்கரை மாத்திரையைப் பயிற்சிக் களேபரத்தில் மறந்துவிடாதீர்கள்.

ஆறாம் படி: வீட்டில் முடிபோடுவது

மெஷின் முடிந்து நாளில் மீதி இருபத்து மூன்று மணி நேரம். அதில் கை என்ன செய்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விழுந்த கையைப் பயன்படுத்தாமலே இருந்து பழகினால், பலம் திரும்பிய பிறகும் மூளை அதைக் கூப்பிடாது. எட்வர்ட் டாப் என்கிற அமெரிக்க ஆய்வாளர் இதற்குத்தான் நல்ல கைக்கு உறை மாட்டி விழுந்த கையை வேலை செய்ய வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். 2006இல் 222 பேரை வைத்து நடந்த ஆய்வில் அது பலன் தந்தது. விரல் சுமார் 10 டிகிரி, மணிக்கட்டு 20 டிகிரி தானாக எழுகிறவர்களுக்குத்தான் அந்த முறை. அதற்குக் கீழே இருப்பவருக்கு உறை மாட்டினால் அது தண்டனை.

முதலில் நோயாளியையே கேட்டு ஐந்து வேலைகளை எழுதுங்கள். நீங்கள் எழுதாதீர்கள். நான் எழுதிய பட்டியலில் பல் தேய்ப்பது, தலை வாருவது என்று இருந்தது. அப்பா சொன்னது வேறு: வலது கையால் சாப்பிட வேண்டும், லுங்கி கட்ட வேண்டும், திருத்தணி மலையில் விபூதி வாங்க வேண்டும், தறியில் ஓடும் நாடாவுக்குள் இருக்கிற தாரை, அதாவது நூல் சுற்றிய குச்சியை, மாற்ற வேண்டும், பேரனுக்குக் கையசைக்க வேண்டும். இடது கையால் பல் தேய்க்க அவருக்கு எந்த வருத்தமும் இல்லை. இடது கையால் சாப்பிடுவதும் இடது கையில் விபூதி வாங்குவதும்தான் அவமானமாக இருந்தது.

அப்புறம் ஒவ்வொரு வேலையையும் துண்டு துண்டாக உடையுங்கள். சாப்பிடுவதை எடுத்துக்கொள்வோம். தட்டுக்குக் கையை நீட்டுவது, விரல்களை விரிப்பது, ஐந்து விரலும் கூடி ஒரு கவளத்தைத் திரட்டுவது, திரட்டியதை விடாமல் தூக்குவது, உள்ளங்கையை வாய்ப் பக்கம் திருப்புவது, கட்டை விரலால் தள்ளுவது. இதில் மெஷின் பயிற்றியது விரிப்பதும் திருப்புவதும். மீதியை நாங்கள் கேழ்வரகுக் களியில் ஆரம்பித்தோம். சோறு சிதறும். களி ஒட்டாமல் உருண்டையாக நிற்கும், பெரிய உருண்டையிலிருந்து கிள்ளி எடுப்பது சுலபம். களிக்குப் பிறகு இட்லி, இட்லிக்குப் பிறகு பிசைந்த தயிர்சாதம், கடைசியாகத்தான் சாம்பார் சாதம். பசி உச்சத்தில் இருக்கும்போது பழக்காதீர்கள், கோபம் வரும். முதல் ஐந்து வாய் வலது கையால், மீதி எப்படியாவது என்பது எங்கள் ஒப்பந்தம். தட்டுக்குக் கீழே ஈரத்துணி போட்டால் நகராது.

பிடிப்பதைவிட விடுவது கடினம். இது யாரும் முதலில் சொல்வதில்லை. பந்தை வாங்கிக் கொடுத்து அமுக்கு அமுக்கு என்று சொல்கிற உறவினர்கள் நிறைய. மூடுவது தானாக வரும், திறப்பதுதான் வராது. தறி வீட்டில் இதற்குப் பொருள் இருந்தது. நூல் கோன் பெரியது, அதைப் பிடித்துத் தூக்கி, நகர்த்தி வைத்து, விட வேண்டும். அது வந்ததும் பாதி தீர்ந்த கோன். அப்புறம் மெலிந்த தார். தறி இல்லாதவர்கள் செம்பு, டம்ளர், மாத்திரை டப்பா என்று பெரிதிலிருந்து சிறிதாகப் போகலாம். ஒவ்வொரு முறையும் விட்ட பிறகு விரல் முழுக்க விரிந்ததா என்று பாருங்கள்.

விபூதிக்கு உள்ளங்கை மேலே பார்க்க வேண்டும். முழங்கையை உடம்போடு ஒட்டிவைத்துத் திருப்ப வேண்டும், இல்லையென்றால் தோள் ஏமாற்றிவிடும். நெற்றியில் பூசுவதற்கு முன், உள்ளங்கையில் ஐந்து புளியங்கொட்டையைக் கொட்டாமல் வைத்துக்கொண்டு பத்து எண்ணுவது எங்கள் பயிற்சி. அதே புளியங்கொட்டை எண்ணிக்கைக்கும் உதவியது. பத்து முறை செய்தால் ஒரு கொட்டை இந்தக் கிண்ணத்திலிருந்து அந்தக் கிண்ணத்துக்கு. ஒரு நாளைக்குப் பத்துக் கொட்டையில் தொடங்கினோம், போகப் போகக் கூட்டினோம்.

லுங்கி இரண்டு கை வேலை. விழுந்த கை துணியின் ஒரு முனையை இடுப்போடு அழுத்திக்கொண்டால் போதும், நல்ல கை சுற்றிச் செருகும். 'உதவிக் கை' என்கிற பதவி குறைந்த பதவி இல்லை. நிறையப் பேருக்கு விழுந்த கை அந்த அளவோடு நிற்கும், அதை வைத்தே முக்கால்வாசி வீட்டு வேலை நடந்துவிடும்.

நீங்கள் செய்ய வேண்டிய கடினமான வேலை, சும்மா இருப்பது. அம்மாவால் அது முடியவில்லை. அப்பா பொத்தானோடு போராடினால் ஓடிவந்து போட்டுவிடுவார். கடைசியில் காலை நேரத்தில் அம்மாவைக் கோவிலுக்கு அனுப்பிவிட்டோம்.

சில நாள் எதுவும் நடக்காது. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். ஸ்ட்ரோக் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அது சோம்பலோ பிடிவாதமோ இல்லை, மருந்து உண்டு. அதை மருத்துவரிடம் சொல்ல நாங்கள் நான்கு மாதம் வெட்கப்பட்டோம்.

ஏழாம் படி: அளப்பது, நிறுத்துவது

மாதம் ஒரு முறை ஒரே மேசை, ஒரே நாற்காலி, ஒரே டம்ளர் வைத்து போனில் வீடியோ எடுங்கள். தினம் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் தெரியாது. மருத்துவமனையில் 12 வாரத்தில் மறுபடி அளவெடுக்கச் சொல்லுங்கள். ஃபூகல்-மேயரில் ஐந்து புள்ளிக்கு மேல் ஏறியிருந்தால் அது கையில் உணரக்கூடிய மாற்றம் என்பார்கள். நான்கு வாரமாக எண் அசையவில்லை, வீட்டிலும் புதிதாக ஒன்றும் வரவில்லை என்றால் மெஷின் அமர்வை நிறுத்திவிட்டு அந்தக் காசை வீட்டுக்கு வருகிற தெரபிஸ்டுக்குக் கொடுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி ஒரு சுற்று மெஷின் போடலாம். விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

மெஷினை வாடகைக்கு வீட்டுக்கே எடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். யார் வந்து அமைப்பை மாற்றிக்கொடுப்பார், கெட்டுப்போனால் எத்தனை நாளில் வருவார், மின்வெட்டில் என்ன ஆகும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு எடுங்கள்.

அப்பாவின் பட்டியலில் இப்போது நான்கு முடிந்திருக்கிறது. சாம்பார் சாதம் இன்னும் சட்டையில் விழுகிறது. தார் மாற்ற வரவில்லை. நாடாவுக்குள் விரல் நுழைகிறது, தாரை அழுத்த கட்டை விரலுக்குப் பலம் போதவில்லை. அதனால் அடுத்த சுற்றுக்கு வேலூர் போகும்போது ஒரு பழைய நாடாவையும் நாலு தாரையும் பையில் போட்டு எடுத்துப் போகிறோம். கட்டை விரலுக்கு எந்தப் பிடியை மாட்டலாம் என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்வதாகத் தெரபிஸ்ட் சொல்லியிருக்கிறார்.